பள்ளி வேனில் கற்ற சொல்

குளியலறைக்குள்ளிருந்துதான் அது முதலில் கேட்டது. நாக்கால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு. அடுத்து ஒரு சொல். அப்புறம் ஒரு சிரிப்பு. அதே வரிசையில் ஏழெட்டு முறை. உள்ளே இருந்தது 14 வயதுப் பையன் ஒருவன் மட்டுமே. ஆனால் சொல் ஒரு குரலிலும் சிரிப்பு வேறொரு குரலிலும் வந்தன. சிரிப்பு ஒரு வளர்ந்த ஆளுடையது.

அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. ஆணை விரும்பும் ஆணை இழிவாகச் சொல்லும் வசை. ஏதோ ஒரு வடிவத்தில் எல்லாப் பள்ளி மைதானங்களிலும் புழங்குவது. கதவுக்கு வெளியே நின்ற அப்பாவுக்கு அது நன்றாகத் தெரிந்த சொல்தான். பிற்பாடு என்னிடம் சொன்னார்: "நானே ஸ்கூல்ல ஒருத்தனை அப்படிக் கூப்பிட்டிருக்கேன். அவன் நிஜப் பேரு மறந்துபோச்சு. அந்தப் பேருதான் ஞாபகம் இருக்கு."

சிறப்புப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் துணையாகப் பள்ளிக் கூட்டங்களில் உட்காருவது என் வேலை. இந்தக் குடும்பத்தோடு ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு முழுக்க இருந்தேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பையனுக்கு ஆட்டிசமும் மிதமான அறிவுசார் குறைபாடும் உண்டு. சொந்தமாக வாக்கியம் அமைப்பது அபூர்வம். எப்போதோ கேட்ட வாக்கியத்தை, கேட்ட அதே ஏற்ற இறக்கத்தோடு எடுத்துப் பேசுவான். வகுப்பில் அவனுக்கு ஒரு நண்பன் இருந்தான். அந்தப் பையன் பேசமாட்டான். டேப்லெட்டில் படங்களைத் தொட்டுத் தன் தேவைகளைச் சொல்வான். வேனில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பெல்ட் போட்டவுடன் நம் பையன் கையை நீட்டுவான், நண்பன் பிடித்துக்கொள்வான். இரண்டு வருடமாக இது நடந்துகொண்டிருந்தது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு ஆறு வாரங்களில் எல்லாம் தலைகீழானது. மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்தான். காலையில் வேன் ஹாரன் கேட்டதும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். எப்போதோ நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தது. பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: பருவ வயதில் ஆட்டிசக் குழந்தைகளின் நடத்தை மோசமாவது வழக்கம், மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவைப் பரிசீலிக்கவும். கூடவே ஒரு ஸ்டிக்கர் அட்டை. கடிக்காமல் இருக்கும் நாளுக்கு ஒரு நட்சத்திரம்.

இதே கடிதம் சாதாரணப் பள்ளியில் படிக்கும் 14 வயதுப் பையனின் வீட்டுக்குப் போயிருக்குமா? பள்ளிக்கு வர மறுக்கிறான், தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான், படுக்கையை நனைக்கிறான் என்றால் அங்கே முதல் கேள்வி 'யாராவது எதாவது செய்தார்களா?' என்பதாகத்தான் இருக்கும். சிறப்புப் பள்ளியில் அந்தக் கேள்விக்கு முன்பே பதில் தயாராக இருக்கிறது. குறைபாட்டின் பெயர்தான் அந்தப் பதில். உடல் நோயாக இருந்தாலும் மன வேதனையாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஏற்கெனவே உள்ள குறைபாட்டின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கத்தை மருத்துவத்தில் நோயறிதல் மறைப்பு என்பார்கள். ஒரு நோயின் நிழல் மற்றதை மூடிவிடுகிறது. மருந்தைக் கூட்ட அப்பாவும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டார். குளியலறைச் சத்தம் கேட்டிராவிட்டால் இந்த நிகழ்வு ஒரு மாத்திரைச் சீட்டில் முடிந்திருக்கும்.

எதிரொலி ஒரு சாட்சியாகுமா?

கேட்டதைத் திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்கிறார்கள். ஆட்டிசத்தைத் தனி நிலையாக வரையறுத்து 1943ல் மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிய கட்டுரையிலேயே இது வருகிறது. 1946ல் அவர் இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு சிறுவன், கையிலிருப்பதை எறியத் தோன்றும்போதெல்லாம் 'நாயைப் பால்கனியிலிருந்து எறியாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். சுற்றிலும் நாயும் இருக்காது, பால்கனியும் இருக்காது. விசாரித்தால், வெகு நாள் முன்பு பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே எறிந்தபோது அம்மா சொன்ன வாக்கியம் அது. அர்த்தமற்ற உளறல் என்று தோன்றுவதற்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட இடமும் ஒரு குறிப்பிட்ட நாளும் இருக்கும் என்பதே கானர் காட்டியது. 1980களில் பேச்சு, மொழி வல்லுநர் பேரி பிரிசன்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்து, எதிரொலிப் பேச்சு பெரும்பாலும் ஏதோ ஒரு காரியத்துக்காகவே பேசப்படுகிறது என்றார்கள்.

இருந்தாலும் அவசரப்படக் கூடாது. வீடியோவில் கேட்டதையும் இவன் இதே துல்லியத்தோடு சொல்வான். அதனால் அப்பாவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன். என்ன சொன்னான், எந்தக் குரலில், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. விளக்கம் வேண்டாம், கேட்டதை மட்டும்.

இரண்டு வாரக் குறிப்புகளில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. சொல் ஒருபோதும் தனியாக வரவில்லை. முன்னால் அந்த 'டிக்', பின்னால் அந்தச் சிரிப்பு. சனி, ஞாயிறுகளில் குறைவு. சொந்தக் காரில் போனபோது அப்பா சீட் பெல்ட்டைச் சொருகியதும் பின்னிருக்கையில் பையன் கையைச் சட்டென்று தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான். டிக் என்பது பெல்ட் பூட்டும் சத்தம். அந்த நிமிடம் காரை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்ததாக அப்பா நோட்டில் எழுதியிருக்கிறார். அது மட்டும்தான் அதில் அவரைப் பற்றிய குறிப்பு.

ஆக, வேனில் பெல்ட் பூட்டப்படுகிறது, இவன் கையை நீட்டுகிறான், யாரோ ஒரு பையன் அந்தச் சொல்லைச் சொல்கிறான், ஒரு பெரியவர் சிரிக்கிறார்.

முதல் கூட்டம்

தலைமை ஆசிரியை கெட்டவர் இல்லை. இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். அதனாலேயே அவர் சொன்ன மூன்று விஷயங்களையும் அப்படியே குறித்துக்கொண்டேன். வேறு பள்ளிகளிலும் இதே மூன்றைக் கேட்டிருக்கிறேன்.

முதலாவது: "நம்ம பிள்ளைங்களுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது சார்." இரண்டாவது: "உங்க பையன்தான் அதைச் சொல்லிட்டுத் திரியறான், மத்த பேரன்ட்ஸ்தான் கம்ப்ளைன்ட் பண்றாங்க." மூன்றாவதை மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த வயசுல ரெண்டு பசங்க எப்பப் பார்த்தாலும் கை கோத்துக்கிட்டு உட்கார்ந்தா..."

அந்த மூன்றாவதிலிருந்து ஒரு தீர்வும் பிறந்திருந்தது. கூட்டத்துக்கு முந்தைய வாரமே நடைமுறைக்கு வந்துவிட்டதாம். லேமினேட் செய்த அட்டை: கோத்த இரண்டு கைகளின் படம், மேலே சிவப்பு நிறத்தில் பெருக்கல் குறி. நம் பையனின் இருக்கைக்கு எதிரே ஒட்டியிருந்தார்கள்.

இந்த நிகழ்வு முழுவதிலும் என்னை அதிகம் உறுத்தியது அந்த அட்டைதான், சொல்கூட அடுத்தபடிதான். படங்கள் வழியாக உலகைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அட்டை என்பது சட்டம். யாரோ வைதார்கள், தண்டனை இவன் கைக்கு வந்தது. சொன்னவனுக்கு எந்த அட்டையும் இல்லை, சிரித்தவருக்கும் இல்லை. மணிக்கட்டைக் கடிப்பது அட்டை வந்த பிறகு அதிகமானது என்று அப்பாவின் நோட்டு சொல்கிறது. எந்தக் கையை? நீட்டுகிற கையை.

பேசாத நண்பனின் நிலை இன்னும் மோசம். அவன் டேப்லெட்டில் இருந்தவை தண்ணீர், கழிவறை, இன்னும் வேண்டும், போதும், வலி மாதிரியான படங்கள். 'கேலி செய்கிறார்கள்' என்பதற்குப் படம் இல்லை. 'நண்பன்' என்பதற்கும் இல்லை. அந்தக் கருவியில் என்ன சொற்கள் இருக்கலாம் என்று தீர்மானிப்பது பெரியவர்கள். ஒரு பிள்ளை எதைப் புகார் செய்ய முடியும் என்பதையும் அப்போதே நாம் தீர்மானித்துவிடுகிறோம்.

"அவன் அப்படியா?"

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் அப்பா கேட்டது பள்ளியைப் பற்றி அல்ல. "ஒருவேளை அவன் அப்படியா?" என்றார். அந்த 'அப்படி'யைச் சொல்ல அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அந்த வசைதான்.

எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம் என்றேன். இப்போது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தன்பாலீர்ப்பு வெறுப்பில் நடக்கும் பகடிவதை, அதாவது ஒருவரைத் தொடர்ந்து கேலி செய்து வதைப்பது, ஒருவன் யாரை விரும்புகிறான் என்று விசாரித்துவிட்டு நடப்பதில்லை. நடை, குரல், கை வைத்திருக்கும் விதம் இவற்றைப் பார்த்தே சொல் விழும். கல்வி நிலையங்களில் நடக்கும் இந்த வகை வதையைப் பற்றி யுனெஸ்கோ 2012ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: அப்படி இருப்பவர்கள் மட்டுமின்றி, அப்படி என்று கருதப்படுபவர்களும் இலக்காகிறார்கள். 'என் பையன் அப்படி இல்லை' என்று ஒரு பெற்றோர் வாதாடினால், அப்படி இருக்கிற பையனை வைவது சரி என்று மறைமுகமாக ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்த வாக்கியம் நம் கடிதத்தில் எங்கேயும் வரக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம்.

அவன் நாளைக்கு உண்மையாகவே தன்பாலீர்ப்பாளன் என்று தெரியவந்தால்? அதையும் கேட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் தன்பாலீர்ப்பைத் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன என்பதைச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். ஆட்டிசம் உள்ளவர்களிடையே தங்களை எதிர்பால் ஈர்ப்பாளர் அல்லாதவராகச் சொல்வோரின் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'இவங்களுக்கு அதெல்லாம் கிடையாது' என்று நினைப்பது பெரியவர்களின் வசதிக்காக. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006ல் நிறைவேறிய ஐ.நா. உடன்படிக்கை அப்படி நினைக்கவில்லை. வன்முறையிலிருந்தும் வதையிலிருந்தும் பாதுகாப்பு 16வது பிரிவில் இருக்கிறது. பாலியல் நலம் உட்பட எல்லா உடல்நலச் சேவைகளும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே அளவில் கிடைக்க வேண்டும் என்று 25வது பிரிவு சொல்கிறது.

அவர் கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

புகார்க் கடிதம்

முதலில் அப்பா எழுதி வந்த கடிதம் நாலு பக்கம்; பாதிக்கு மேல் கோபம். கோபம் நியாயம்தான், ஆனால் கோபத்துக்குப் பதில் எழுதுவது பள்ளிக்குச் சுலபம்: 'தங்கள் மனவேதனையைப் புரிந்துகொள்கிறோம்.' கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம். அதனால் ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கினோம். எந்தத் தேதியில் என்ன கேட்டது, பையனிடம் என்ன மாறியது, நாங்கள் கேட்பது என்ன.

கேட்டவை நான்கு. வேனில் யார் என்ன சொன்னார்கள் என்று விசாரிக்க வேண்டும், சிரித்த பெரியவர் உட்பட. சிவப்பு அட்டையை எடுக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சம்பவப் பதிவேட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். வகுப்பு முழுவதற்கும் பாடம் நடத்த வேண்டும், நம் பையனுக்கு மட்டும் தனியாக அல்ல.

மூன்றாவதில்தான் சிக்கல் வந்தது. பதிவேட்டில் சண்டை, காயம், பொருள் சேதம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. சொல்லுக்குக் கட்டமே இல்லை. "இவ்வளவு அசிங்கமான வார்த்தையை எப்படி ரெக்கார்டுல எழுதறது?" என்றார் தலைமை ஆசிரியை. 'தகாத வார்த்தை' என்று எழுதிக்கொள்ளலாமே என்றார். தகாத வார்த்தை என்று எழுதினால், நாளைக்கு அதைப் படிப்பவருக்கு ஒரு பையன் பொதுவாக வாய்த்துடுக்காகப் பேசினான் என்றுதான் தெரியும். அதே சொல் அதே பிள்ளை மீது பதினொரு முறை விழுந்தது தெரியாது. கடைசியில் நான்காவதாக ஒரு கட்டத்தைப் பேனாவால் கோடு போட்டு உருவாக்கினார். சொல்லை எழுதும்போது அவர் கை தயங்கியது, எழுதிவிட்டார்.

சொன்ன பையன்

அவனுக்கு 16 வயது. நன்றாகப் பேசுவான், பெல்ட்டைத் தானே போட்டுத் தானே கழற்றுவான். விசாரணையில் எதையும் மறைக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஆசிரியை கேட்டபோது அவன் சொன்ன பதில்: "அப்படிச் சொன்னா அண்ணா சிரிப்பாரு."

அண்ணா என்பது வேன் உதவியாளர்.

ஆக, அர்த்தம் தெரியாது என்று பள்ளி சொன்னது பாதி சரி. அகராதி அர்த்தம் அவனுக்குத் தெரியாது. எங்கே சொன்னால் என்ன கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது. யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு பையனுக்கு தினமும் இரண்டு வேளை ஒரு பெரியவரின் சிரிப்பு கிடைத்தது, அதுதான் சம்பளம்.

நோக்கம் இல்லாததால் இதைப் பகடிவதை என்று சொல்ல முடியாது என்று பள்ளி ஒரு வாதம் வைத்தது. நார்வே உளவியலாளர் டான் ஓல்வேயஸ் கொடுத்த வரையறையைத்தான் பெரும்பாலான பள்ளிகள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன: புண்படுத்தும் நோக்கம், திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் இடையில் பலச் சமமின்மை. சாதாரணப் பள்ளிக்கு இது பொருந்தும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளிடையே நோக்கத்தை நிரூபிக்கச் சொன்னால் அங்கே எந்த வதையும் வதையாகாது. திரும்பத் திரும்ப நடந்ததா? நடந்தது. பலச் சமமின்மை? ஒருவன் சரளமாகப் பேசுகிறவன். மற்றவர்களில் ஒருவன் எதிரொலிப்பவன், ஒருவன் பேசாதவன், இருவரும் பெல்ட்டில் கட்டுண்டவர்கள். நோக்கம் வேண்டுமென்றால், சிரித்த பெரியவரிடம் போய்த் தேடுங்கள் என்றேன். கொஞ்சம் காரமாகத்தான் சொன்னேன். அறையில் யாரும் பேசவில்லை.

உதவியாளர் மறுக்கவில்லை. "சும்மா தமாஷுக்கு" என்றார். அவரை வேறு வேனுக்கு மாற்றி, பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்று அப்பா நின்றார். நான் அதை ஆதரிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

என்ன செய்தார்கள், எது பலித்தது

வகுப்புப் பாடத்துக்குச் சமூகக் கதை முறையை எடுத்துக்கொண்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கரோல் கிரே என்ற ஆசிரியை உருவாக்கியது. சிறு வாக்கியங்கள், படங்கள், ஒரு சூழ்நிலையின் விவரிப்பு. கட்டளையைவிட விவரிப்பு அதிகமாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பள்ளியின் முதல் வரைவு 'நான் யார் கையையும் பிடிக்க மாட்டேன்' என்று ஆரம்பித்தது. சிவப்பு அட்டையையே வாக்கியமாக எழுதியிருந்தார்கள். மூன்றாவது வரைவு இப்படி வந்தது: 'சிலருக்குக் கை கோத்துக்கொள்ளப் பிடிக்கும். சிலருக்குப் பிடிக்காது. நான் கையை நீட்டிக் கேட்கலாம். அவர் பிடித்துக்கொண்டால் சரி. பிடிக்காவிட்டால் என் கையை மடியில் வைத்துக்கொள்வேன்.'

'கேட்கலாம்' என்பது பள்ளியின் யோசனை, நல்ல யோசனை. தொடுதல், சம்மதம் பற்றிய அவர்கள் கவலையில் நியாயம் இருந்தது. நண்பனுக்கு அது பிடித்திருக்கிறதா என்று இரண்டு வருடமாக யாரும் அவனைக் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. டேப்லெட்டில் 'கை கோக்கலாம்', 'இன்று வேண்டாம்' என்று இரண்டு படங்கள் சேர்த்தார்கள். 'நண்பன்', 'கேலி செய்கிறார்கள்' இரண்டும் கூடவே வந்தன. பெரும்பாலான நாள் முதலாவதைத் தொட்டான். சில நாள் இரண்டாவதை. வேண்டாம் என்ற நாட்களில் நம் பையன் கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான், கடிக்கவில்லை.

16 வயதுப் பையனுக்குச் சிரிப்பு கிடைப்பது நின்றதும் முதல் வாரம் சொல்லை இன்னும் உரக்கச் சொன்னான். பலன் நின்ற நடத்தை அடங்குமுன் ஒருமுறை எகிறுவது எல்லோருக்கும் உள்ளதுதான்; லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை இன்னும் வேகமாக அழுத்துகிறோமே. அந்த வாரத்தில் பள்ளி பயந்துபோய் எல்லாவற்றையும் கைவிடப் பார்த்தது. மூன்று வாரத்தில் வேனில் அடங்கியது. வேனிலிருந்து எல்லோரையும் இறக்கி வகுப்புவரை கூட்டிப்போகும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். புது உதவியாளர் அதற்காக அவனைப் பாராட்டினார். வரிசையில் நிற்கும்போது அந்தச் சொல் இன்னும் இரண்டு முறை வந்தது. இரண்டும் நான்காவது கட்டத்தில் பதிவாயின.

பலிக்காததும் உண்டு. நண்பனின் பெற்றோர் எங்களோடு சேரவில்லை. விஷயம் வெளியே பேசப்படுவதே அவர்களுக்குப் பயம். இருக்கையை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். வகுப்பில் இருவரும் இப்போதும் பக்கத்தில்தான், வேனில் இல்லை. பாலியல் கல்விக்குப் பள்ளி 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்றது. நான் அழுத்தவில்லை. அழுத்தியிருக்க வேண்டும்.

வீட்டில் அப்பாவும் ஒரு தவறு செய்தார். அவரே சொன்னதால் எழுதுகிறேன். பையன் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் ஆரம்பத்தில் "சீ, அப்படிச் சொல்லாதே" என்று அதட்டினார். அவனுக்கு நடந்ததை அவன் சொல்ல முயன்றபோது அவனே மறுபடி திட்டு வாங்கினான். பிறகு மாற்றிக்கொண்டார். "அது வேன்ல கேட்டது. உனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இப்ப வீட்ல இருக்கோம்." ஒவ்வொரு முறையும் அதே மூன்று வாக்கியம், அதே குரலில்.

கல்வியாண்டு முடியும்போது நோட்டு

கடைசிப் பக்கங்களில் வரிசை கலைந்திருக்கிறது. முதலில் சிரிப்பு காணாமல் போனது. டிக், சொல், அதோடு சரி. கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம் ஒரு குறிப்பு: 'டிக். சொல். "இப்ப வீட்ல இருக்கோம்." என் குரலில்.' கட்டிலுக்கடியில் போவது நின்றுவிட்டது. மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது. மருந்து பழைய அளவிலேயே இருக்கிறது.

புதிய ஆண்டின் சம்பவப் பதிவேடு அச்சாகி வந்தபோது அதில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. அப்பா மறுபடி கடிதம் எழுதியிருக்கிறார். இந்த முறை அரைப் பக்கம்.